நாற்பத்தேழாம் டப்பா

“கைய எடு பிகுல், எடுக்கலேன்னா மீனோட மீனா அதையும் கொத்திப்புடுவேன்” என்கிறார் புன்தான், கத்தி தோளுக்கு மேலே நிற்கிறது, அவளோ வெட்டுக்கட்டையின் மேல் விரித்து வைத்த கையை எடுக்கிற மாதிரித் தெரியவில்லை, கட்டையைச் சுற்றி நாலு தட்டு நிறையக் கெண்டைக் குஞ்சுகள், காலையில்தான் குளத்தில் வலை வீசி எடுத்தவை, ஒன்றிரண்டு இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருக்கின்றன, இந்தச் சண்டை இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்று அவற்றுக்காவது இருக்கும்... நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்து புதினா கிள்ளுகிறேன், கிள்ளிப் போட்டதையே எடுத்துத் திரும்பக் கிள்ளுகிறேன். கூடத்தில் மணிவிளக்குகள் போட்ட குளிர்பெட்டி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது, கோயிலிலிருந்து கொண்டுவந்த பெட்டி, அதற்குள்ளே மூன்று நாளாகக் கம்சிங், இவளுக்கு அப்பா, இவருக்கு அண்ணன், பிற்பகல் இரண்டு மணிக்கு எரிக்கிறோம், அதற்கு முன்னால் கோயில் பிக்குகளுக்குச் சாப்பாடு, ஊருக்குச் சாப்பாடு, சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கத்தில் நல்ல வீடு என்போம், நல்ல வீட்டில் அழுகிற சத்தம் கேட்கக்கூடாது, சீட்டு ஆடலாம், சாராயம் குடிக்கலாம், சண்டை போடலாமா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. மாமரத்தடியில் சீட்டு ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள், அவர்கள் ஆட்டத்தை நிறுத்தி நான் பார்த்ததில்லை, போன வருடம் புயலில் கூரைத் தகடு பறந்து வந்து பக்கத்தில் விழுந்தபோதுகூடச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டேதான் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிகுல் சொல்வது ஒன்றே ஒன்றுதான், மீனை வேகவையுங்கள், குழம்பு வையுங்கள், வாழையிலையில் சுட்டுக்கொடுங்கள், என் அப்பா சாவில் மட்டும் பச்சை மீன் வேண்டாம். புன்தான் சொல்வதும் ஒன்றே ஒன்று, சாவு வீட்டுக்கு வந்தவனுக்குக் கொத்திய பச்சை மீனில் எலுமிச்சை பிழிந்து, வறுத்த அரிசிப்பொடியும் செவ்வெறும்பும் போட்டுப் பிசைந்து வைக்காவிட்டால் அவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவான், கம்சிங் குடும்பம் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைத்துக் கஞ்சியாகிப் போனது என்பான், எலுமிச்சையிலும் எறும்புப் புளிப்பிலும் மீனுக்குள் இருக்கிற எந்தப் புழு பிழைக்கும், பிழைத்தாலும் மேலே ஊற்றுகிற அரிசிச் சாராயத்தில் பிழைக்குமா, என்னை எடுத்துக்கொள், அறுபத்தொரு வயது, கல்லு மாதிரி இல்லையா? கல்லு மாதிரிதான் இருக்கிறார், அதை நானும் மறுக்கவில்லை, அவர் அண்ணனும் போன வருடம் வரைக்கும் கல்லு மாதிரிதான் இருந்தார்... இப்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கமாட்டார்கள், சம்லி என்றால் இந்த ஊரில் சுகாதாரத் தொண்டர், இருபத்திரண்டு வருடம், குழந்தைக்கு எடை பார்ப்பது, கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, தண்ணீர்ச் சாடியில் கொசுப்புழு தேடுவது, இந்த ஒரு சாக்கில் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் போகலாம், எந்த மூடியையும் திறக்கலாம், மூடிக்குக் கீழே தண்ணீர் மட்டுமா இருக்கிறது, வேறெந்த வேலையில் இந்தச் சௌகரியம் கிடைக்கும்? பச்சை மீன் தின்னாதீர் என்று மஞ்சள் உடம்புக்காரன் படம் போட்ட தாள், அதை இந்த வீட்டுத் தூணில் அடித்ததே நான்தான், இன்னும் இருக்கிறது, அந்த ஆணியில் யாரோ தொப்பியை மாட்டியிருக்கிறார்கள். முறைப்படி அந்தக் கட்டையின் மேல் இருக்க வேண்டியது என் கை.

பிகுல் மருந்து எழுதித்தருகிற டாக்டர் இல்லை, அதை ஊருக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது, முழங்கால் வலிக்கிறது என்று அவள் கார் வந்தவுடன் வரிசையில் நின்றார்கள், அப்புறம் அவள் கேட்டது எதை என்று தெரிந்ததும் வரிசை கலைந்தது, அன்றிலிருந்து அவளுக்குப் பேர் பீ டாக்டர். கோன்கேன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு பெரிய குளிர் அறை, அதில் இந்த ஊரின் வயிறு முழுக்க உறைந்து கிடக்கிறது, மனுஷனுடையது, பூனையுடையது, நாயுடையது, ஈரல் புழு எத்தனை ஆயிரம் வருடமாக நம்மோடு குடியிருக்கிறது, அது நம்மை எப்படி மாற்றியது, நாம் அதை எப்படி மாற்றினோம், இதுதான் அவள் படிப்பு. ஒருநாள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னாள், “வீட்ட இடிக்கிற குடித்தனக்காரன் ஒரு எடத்துலயும் நெலைக்க மாட்டான் அத்தை. இது நல்ல குடித்தனக்காரன். இருவது வருஷம் சத்தமே போடாது. புழுவா கொல்லுது? அது கடிச்ச புண்ணு ஆறுது, ஆறுன எடத்துலயே திரும்பக் கடிக்குது, திரும்ப ஆறுது. அந்த ஆறுறதுதான் ஒரு நாளைக்குத் தப்பிப்போயி புத்துநோயாவுது.” மாத்திரை போட்டுப் புழுவைக் கொன்றுவிட்டு மறுபடி மீன் தின்கிறார்களே, அவர்கள் கதி இன்னும் மோசம் என்றாள், நான் ஐயோ பாவம் என்றேன், யாரைச் சொல்கிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை, கேட்பானேன், அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கல்யாணத்தில் தின்றுவிட்டு வந்து அலமாரியிலிருந்து நானே எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டேன், அது மூன்றாவது தடவை... அதெல்லாம் இருக்கட்டும், அவள் சொன்னதிலேயே எனக்கு ருசித்தது வேறு. ஒரே குளத்து நத்தையில் வளர்ந்து மீனுக்குத் தாவின புழுக்கள் அக்காள் தங்கை மாதிரி ஒட்டியிருக்குமாம், யார் வயிற்றுப் புழு எந்தக் குளத்துப் பிள்ளை என்று சொல்லிவிட முடியுமாம், அப்படித்தான் புன்தான் வயிற்றில் இருந்தது அவர் குளத்துப் புழு இல்லை, விதவை தோங்யோட்டின் குளத்துப் புழு என்று தெரிந்தது. ஆளின் பேரை அவள் சொல்லவில்லை, எண்ணைத்தான் சொன்னாள், எண் யாருடையது என்று எனக்குத் தெரியாதா, அவளுக்காக வீடு வீடாகப் பீ வாங்கின டப்பாவில் எண் எழுதினவளே நான், மறுநாள் காலைச் சந்தைக்குள் ஊருக்கே தெரிந்தது, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்று புன்தான் சத்தியம் செய்தார், படுத்தாரோ இல்லையோ தின்றிருக்கிறார்.

அதற்குத்தான் இப்போது பழிதீர்க்கிறாரோ என்னவோ, கத்தியை இறக்கிக் கட்டையின் ஓரத்தில் குத்தி நிறுத்திவிட்டு, குரலையும் இறக்கி, ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்கிறார், “ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஊரு பூரா டப்பா வாங்கிட்டுப் போனியே, எங்கண்ணன் நம்பருக்கு நேரா என்ன எழுதுன? புழு இல்ல. இந்த ஊருல அவர மாதிரி பச்ச மீன் தின்ன ஆளு கெடையாது, அவரு வயித்துலயே புழு இல்ல. அப்ப மீனு என்ன பாவம் பண்ணுச்சு?” மாமரத்தடியில் ஆமாம் என்கிறார்கள், அதானே என்கிறார்கள், இதை மூன்று நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும், தோங்யோட் வீட்டில், சந்தையில், கோயில் கிணற்றடியில், கம்சிங்குக்கு வந்தது புழு வியாதி இல்லை, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறாள், அது வேறே, வயலுக்கு அடிக்கிற மருந்தினால் வந்தது, விதி, போன பிறவி... ஆக, தின்னலாம். கட்டையின் மேல் இருந்த பிகுலின் கை தளர்கிறது. தளராமல் என்ன செய்யும், எதிரே நிற்பது அவள் கையெழுத்தாயிற்றே. அப்பாவின் ஈரலை ஓட்டை போட்டது எது என்று அவளுக்கு அடிவயிற்றில் தெரியும், தாளில் இருப்பதோ வேறு, தாளை நம்பாதே என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தாள் பொய் என்றால் மற்ற நூற்று முப்பத்தொன்பது பேரின் தாளும்தான் என்னவாவது?

நாற்பத்தேழு. கம்சிங்கின் எண் அது, என்னுடையது நூற்றுப் பன்னிரண்டு, மறந்து தொலைக்கலாம் என்றால் தொலைந்தால்தானே. நூற்று நாற்பது டப்பா, அறுவடை முடிந்த குளிரில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன், மறுநாள் வாங்கினேன், சிலர் வாழையிலையில் வேறு சுற்றிப் பலகாரம் மாதிரி கையில் கொடுத்தார்கள், கம்சிங் மட்டும் காலி டப்பாவையே மூன்று நாள் ஜன்னலில் வைத்திருந்தார். கடைசியில் சொன்னார், “பெத்த மகளாச்சே சம்லி. அவங்கம்மா போனதுக்கப்புறம் நான்தான் கழுவி விட்டேன். அது இப்ப என்னோடத எடுத்துக் கண்ணாடி வச்சுப் பாக்குமா? நான் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன்.” செத்தாலும் என்றார், அப்படித்தான் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்னோடதயே ரெண்டு டப்பாவுல போட்டுடேன், எல்லாம் ஒரே நாத்தம்தானே என்று. நானும் சிரித்தேன். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒன்றைக் கேட்பானா ஒருவன், கேட்டால்தான் ஒருத்தி செய்வாளா, ஆனால் மகள் முகத்தில் முழிக்க ஒரு மனுஷன் வெட்கப்படுவது எனக்கு விளங்கியது, நூற்று நாற்பதில் ஒன்று குறைந்தால் எனக்கும் நன்றாக இருக்காது, அவர் பின்பக்கம் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வெட்டிக்கொண்டு வந்தார், பழம் நல்ல பழம். மாத்திரை தின்ற என் வயிற்றில் புழு ஏது. பிகுல் தாளோடு ஓடி வந்த நாள் ஞாபகமிருக்கிறது, அப்பாவுக்கு ஒன்றுமில்லை அத்தை என்றாள், முகத்தில் சந்தோஷம்தான், ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது, வலையில் விழுந்த பெரிய மீன் நழுவிப்போனவள் முகம், இருவது வருஷத்துப் பழைய புழு அப்பாகிட்ட கெடைக்கும்னு நெனச்சேன் என்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். புழு முட்டை தெரிந்த முப்பத்தொன்பது பேரை ஸ்கேன் எடுக்க வண்டியில் ஏற்றி அனுப்பினோம், கம்சிங் வாசல் பலகையில் உட்கார்ந்து வண்டிக்குக் கையாட்டினார், நானும்தான் ஆட்டினேன், பக்கத்தில் நின்றுகொண்டு.

போன மழைக்காலத்தில் அவருக்கு உள்ளங்கை அரித்தது, முதலில் அதுதான், சேற்றுப்புண் என்றார், களிம்பு கொடுத்தேன், பிறகு கண் மஞ்சளானது, வேர் கஷாயம் குடித்தார், பிறகுதான் ஸ்கேன், ஈரலில் கட்டி கையகலம் இருந்தது, அறுக்க முடியாது என்றார்கள், நாலு மாதம். மூன்று வருடத்துக்கு முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? இதை நான் சுகாதார நிலையத்து நர்ஸிடம் பக்கத்து ஊர் ஆள் ஒருவருக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன், தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம் என்றாள், தெரியாமலும் இருந்திருக்கலாம், அந்த இரண்டாம் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன், தினமும் அதைத்தான் தின்கிறேன்... இடையில் சொல்லியிருக்கக்கூடாதா நான், மூன்று வருடத்தில் எத்தனை காலை, எத்தனை சந்தை, ஊரில் யார் வீட்டுப் பானை எப்போது கவிழ்ந்தது என்று எல்லாம் சொன்ன வாய், இதை மட்டும் ஏன்? வெட்கம் அவருடையது, அதைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டேன், முதல் வருடம் அது உண்மையாகக்கூட இருந்தது. போன மாதம் பார்க்கப் போனபோது தோல் மஞ்சள் பூசின மாதிரி, வயிறு மட்டும் பானை, பிகுல் கஞ்சி எடுத்துவர உள்ளே போனாள், அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், பிடியில் பலமில்லை, “அந்த டப்பா சரியாத்தான் சொல்லிருக்கு சம்லி. ஒனக்கு ஒண்ணுமில்லன்னு” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், சிரித்தால் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். கோபமா அது, கிண்டலா, மன்னிப்பா, மூன்று நாளாகப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்கிறேன், பெட்டி முணுமுணுக்கிறது, அவ்வளவுதான்.

“அத்தை” என்கிறாள் பிகுல், என்னைத்தான், கட்டையிலிருந்து கையை எடுக்காமலே தலையை மட்டும் திருப்பி, “அந்த டப்பாவ நீங்கதானே வாங்கிட்டு வந்தீங்க. அது அப்பா குடுத்ததுதானே?” சத்தமில்லாமல்தான் கேட்கிறாள், சண்டைக்காரி மாதிரி இல்லை, இருட்டில் சுவரைத் தடவுகிறவள் மாதிரி கேட்கிறாள். இதுதான் நேரம், இல்லை என்று ஒரு வார்த்தை, அது என்னுடையது, வாழைப்பழத்துக்கு வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வாக்கியம், அவ்வளவையும் சொல்லி முடிக்கப் புதினா ஒரு கட்டு கிள்ளுகிற நேரம்கூட ஆகாது, நாலு தட்டு மீனும் சட்டிக்குப் போய்விடும், நாற்பது பேர் வேகவைத்ததைத் தின்றுவிட்டு முனகிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், அவள் கை ஜெயிக்கும், பிறகு இந்தக் கண், இப்போது என்னைப் பார்க்கிற இந்தக் கண், என்னை எப்படிப் பார்க்கும்? தொண்டர் சம்லி மறுபடி எந்த வாசல் ஏறுவாள், எந்த மூடியைத் திறப்பாள்? நூற்று நாற்பது வீட்டிலும் என்னைப் பற்றிப் பேசுவார்கள், பேசப்படுகிறவள் நான் என்றால் பேசுவது யார்... “ஆமா, நாந்தான் வாங்கிட்டு வந்தேன்” என்கிறேன். கேட்டது இரண்டு கேள்வி, ஒன்றுக்குத்தான் பதில் சொன்னேன், அதைக் கவனிக்காத பெண்ணா அவள், கவனித்தாளோ என்னவோ, கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கிறாள், பிறகு கட்டையிலிருந்து கையை எடுக்கிறாள், உள்ளங்கையில் செதில் ஒட்டியிருக்கிறது, அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போகிறாள், பெட்டியின் பக்கம். கத்தி இறங்க ஆரம்பிக்கிறது, டக் டக் டக், மாமரத்தடியில் சீட்டும் விழுகிறது. புன்தான் ஜெயித்தவர், ஜெயித்தவருக்குத் தாராளம் வரும், பிசைந்ததும் பசைச்சோற்றை உருட்டி, மேலே மீனை எடுத்து வைத்து, முதல் உருண்டையை என்னிடம் நீட்டுகிறார், “நீ சொல்லாம இந்த ஊருல எந்த விருந்து எறங்கியிருக்கு, உப்பு பாரு சம்லிக்கா.” இருபத்திரண்டு வருடமாக உப்பு பார்க்கிற நாக்கு, எல்லாரும் பார்க்கிறார்கள், தூணில் மஞ்சள் உடம்புக்காரனும் தொப்பிக்குக் கீழேயிருந்து பார்க்கிறான். வாயில் போட்டுக்கொள்கிறேன். குளிர்ந்திருக்கிறது, புளிப்பும் காரமும், எறும்பு பல்லில் நெரிகிறது, நன்றாக இருக்கிறது, அதுதான் கேவலம், அவ்வளவு நன்றாக இருக்கிறது. “எலுமிச்ச பத்தல” என்கிறேன். நிமிர்ந்தால் கூடத்து வாசலில் பிகுல் நிற்கிறாள்.

இரண்டு மணிக்கு எரித்தோம், மரச்சீவலில் செய்த பூவை ஆளுக்கொன்றாகப் போய் வைத்தோம், நான் வைக்கும்போது என் கையில் எலுமிச்சை வாசம் போகவே இல்லை. கோயில் சுடலைப் புகைபோக்கியிலிருந்து முதலில் கறுப்பாகவும் பிறகு வெள்ளையாகவும் வந்தது, இந்த வருடம் இது நான்காவது, நாலு பேரும் மஞ்சளாகிப் போனவர்கள்தான், ஆனால் ஊரில் கணக்கு மூன்று, கம்சிங்கைச் சேர்க்கமாட்டார்கள், அவருக்குப் புழு இல்லை. மூன்றாம் நாள் பிகுல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள், போகிற வழியில் என் வாசலில் காரை நிறுத்தினாள், இறங்கி வந்து டப்பா போட்ட ஒரு பையைக் கையில் கொடுத்தாள், புதுசா மறுபடி எடுக்கறோம் அத்தை, ஒங்க பேர்ல ஒங்களோடத குடுங்க, என்றாள், அவ்வளவுதான், அதில் அழுத்தம் இருந்ததா, எந்தச் சொல்லில் இருந்தது, நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், என் வாயில் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு சொல்லில் விழுகிறது.

மழை தொடங்குவதற்குள் புன்தான் தோங்யோட்டைக் கட்டிக்கொண்டார், புழு சொன்னது பலித்தது என்று நான்தான் முதலில் சொன்னேன், கல்யாண விருந்தில் மீன் அவள் குளத்து மீன், எனக்கு உடம்பு சரியில்லை என்று உப்பு பார்க்கப் போகவில்லை. பிகுல் கோன்கேன் வேலையை விட்டுவிட்டுத் தெற்கே கடலோரம் எங்கேயோ போய்விட்டாள், அங்கே வௌவால் உடம்பில் கிருமி தேடுகிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாளாம், இருவருக்கும் சாப்பாட்டு நேரத்தில் பேச நிறைய இருக்கும், அழைப்பு புன்தானுக்கு வந்தது, எனக்கு வரவில்லை, தபாலில் தவறியிருக்கும். கம்சிங் வீட்டில் இப்போது பூனைகள் குடியிருக்கின்றன, குளத்துக்கும் வீட்டுக்குமாக நடக்கின்றன. டப்பா என் அலமாரியில் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறது, கொஞ்ச நாளாக எனக்கு உள்ளங்கை அரிக்கிறது, புதுச் சோப்பினால் இருக்கும், நேற்று அதைக் கையில் எடுத்து முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன், பிகுலின் கையெழுத்து, மேலே என் பேர், கீழே எண், நூற்றுப் பன்னிரண்டு இல்லை, நாற்பத்தேழு... செத்தவர் எண் காலியாகிவிட்டால் அதை அடுத்த ஆளுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கமா என்ன, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கேட்டுச் சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.